கண்ணாடி முதுகு போன்

தரம் பாத்து வாங்குங்க, தரம் பாத்து வாங்குங்கன்னு நானும் ரொம்ப நேரமா கத்திக்கிட்டு இருக்கேன். மூணாவது வரிசையில ஒருத்தர் கண்ணையே மூடிட்டார். அவரை எழுப்புறதுக்காகவாவது ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன்... கேளுங்க.

சங்கரன்கோவில் பக்கம் இசக்கிராஜன்னு ஒருத்தர். வீடு கட்டுற இடத்துல சூப்பர்வைசர். காலையில போனா பொழுது சாயுற வரைக்கும் மணல், ஜல்லி, சிமெண்ட்... தும்முனாக்கூட சிமெண்ட்தான் வரும். பழைய போன் செத்துப்போச்சு. புதுசு வாங்கணும்னு சம்சாரம் முத்துச்செல்வியைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போறார். அந்தம்மா அப்ப நிறைமாசத்தை நெருங்குற கர்ப்பிணி.

கடைக்காரர் ரெண்டு போனை எடுத்து வைக்கிறார். ரெண்டும் நடுத்தர விலைதான்.

"அண்ணே, இது பின்பக்கம் கெட்டி பிளாஸ்டிக்கு. மூலைக்கு மூலை ரப்பர் இருக்கு. தூசி தாங்கும், தண்ணி தெறிச்சா தாங்கும், கை தவறிப் போனாலும் தாங்கும். இந்தா இது... பின்பக்கம் கண்ணாடி, சுத்தி அலுமினியம். நேரா பாத்தா நீலம், சாய்ச்சுப் பாத்தா பச்சை!"

செல்வி மெதுவா சொல்லுது. "ஏங்க... சிமெண்டுக்குள்ள நிக்கிற ஆளு நீங்க. அந்தப் பிளாஸ்டிக்கே எடுங்களேன். விழுந்தாலும் எந்திரிச்சு வரும்."

நம்மாளுக்கு வந்துச்சே கோபம்! "பிளாஸ்டிக்கா? நான் என்ன குடம் வாங்கவா வந்திருக்கேன்? நாளைக்கு இன்ஜினியர் முன்னாடி அதை எடுத்து நீட்டுனா என்னை மனுசனா மதிப்பாரா?"

யார் மதிக்கணும்? இன்ஜினியர் மதிக்கணும்! சரி... கண்ணாடி போனை வாங்கியாச்சு. வாங்குன கையோட கடைக்காரர் என்ன சொன்னார்? "அண்ணே, கண்ணாடி பாருங்க... ஒரு கவர் போட்டுக்கோங்க."

கறுப்பு பிளாஸ்டிக் கவர். எருமைத் தோல் தடிமன்! போட்டார். நீலம் போச்சு, பச்சை போச்சு... கண்ணாடி இருக்குன்னு சத்தியம் பண்ணித்தான் சொல்லணும். இப்ப நீங்க சொல்லுங்க, எது வேண்டாம்னு சண்டை போட்டாரோ, அதையே மேல போர்த்திக்கிட்டு வர்றாரா இல்லையா?

அதோட விட்டாரா? திரைக்கு மேல இன்னொரு கண்ணாடி. அதுக்கு மேல இடுப்புல பெல்ட் பவுச்சு. கொத்தனார் ஒருத்தர், "சார், புதுப் போனாமே, காட்டுங்க"ன்னார். இவர் பவுச்சைத் திறந்து, கவரைக் கழட்டி... அதுக்குள்ள கொத்தனாரோட கலவை காஞ்சே போச்சு!

ஒருநாள் போன் மணல்ல விழுந்துச்சு. ஒன்னும் ஆகலை. ஆனா இவர் அங்கேயே உக்காந்து அதை ஊதி ஊதித் துடைச்சார். மறுநாள்ல இருந்து என்ன பண்ணார் தெரியுமா? போனைத் துணியில சுத்தி, பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போனார். பொண்டாட்டிகிட்ட சொன்னாரா? எப்படிச் சொல்வார்? 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே'ன்னு கேட்டுருவாளே! அதனால... வெறும் பவுச்சை மட்டும் இடுப்புல மாட்டிக்கிட்டுப் போவார்.

சிரிக்கிறீங்க... சிரிங்க. அடுத்து நடந்ததையும் கேளுங்க.

ஒருநாள் மத்தியானம். வீட்டுல செல்வி தனியா இருக்கு. சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்துருச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு தன் போனை எடுத்துப் புருசனைக் கூப்பிடுது...

பீரோ பாடுது.

செல்விக்குப் புரியலை. கட் பண்ணுது... பாட்டு நிக்குது. திரும்பத் திரும்பக் கூப்பிடுது... பீரோவுக்குள்ள இருந்து திரும்பத் திரும்பப் பாட்டு! அந்த இரும்புக் கதவுல கையை வெச்சுக்கிட்டு, வலியோட வலியா அந்தப் பொண்ணு அப்படியே தரையில உக்காந்துருச்சு.

நல்லவேளை, சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆவுடையக்கா ஓடி வந்தாங்க. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நர்ஸ் கேக்குறாங்க, "வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்காரு சிஸ்டர்."

"போன் பண்ணும்மா!"

"பண்ணேன் சிஸ்டர்... பீரோ எடுக்கலை."

பொண் குழந்தை பிறந்துச்சு. தாயும் பிள்ளையும் நலம். குழந்தையை முதல்ல கையில வாங்குனது ஆவுடையக்கா. மிட்டாய் வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தது ஆட்டோக்காரர். பெத்தவன் எங்க? ஜல்லி எண்ணிக்கிட்டு இருந்தான்!

சாயங்காலம் வீடு பூட்டிக் கிடக்கு. எதிர் வீட்டுல விசயத்தைக் கேட்டு, விழுந்தடிச்சு ஓடுறார். வார்டு வாசல்ல நிக்கிறார். உடம்பெல்லாம் சிமெண்ட், இடுப்புல பவுச்சு. அதைச் செல்வி பாத்துச்சு. திட்டலை, அழலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு.

"போன் பத்திரமா இருக்கா?"

இவர் பவுச்சைக் கழட்டி மடக்கிக் கைக்குள்ள வெச்சுக்கிட்டார். குழந்தையைத் தொடக் கையை நீட்டுனார்... கையில சிமெண்ட். போய்க் கழுவிட்டு வந்தார். அதுக்குள்ள குழந்தை தூங்கிருச்சு.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறக்கிறார். துணியைப் பிரிக்கிறார். திரையில 'செல்வி'... 'செல்வி'... 'செல்வி'ன்னு வரிசையா நிக்குது. போனைத் திருப்பித் திருப்பிப் பாக்குறார்... அதுல ஒரு கீறல் இல்லைங்க.

அய்யா, அம்மா... நான் கண்ணாடியைக் குறை சொல்லலை. மெத்தை நாற்காலியில உக்காந்து வேலை பாக்குறவருக்குக் கண்ணாடி அழகுதான். சிமெண்டுல நிக்கிறவருக்கு எதுக்குங்க அது? பொருள் வாங்கப் போறப்ப உங்க கையைப் பாருங்க. அந்தக் கை எங்க போகுது, எதைத் தொடுது, எத்தனை தடவை தவறுதுன்னு பாருங்க. அதைத் தாங்குமான்னு கேட்டு வாங்குங்க. இன்ஜினியர் கண்ணுக்கு வாங்கிட்டு வந்தா, அப்புறம் நீங்கதான் அதுக்குக் காவல் நிக்கணும். உங்களோட வேலைக்கு வரப் பயப்படுற பொருள் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும், அது உங்களுக்கானது இல்ல.

போன் எதுக்குங்க? சாய்ச்சுப் பிடிச்சு நிறம் பாக்கவா? ஒருத்தி வலியில கூப்பிடுறப்போ... "சொல்லுமா, நான் இருக்கேன்"னு சொல்றதுக்கு!