கௌரியம்மாள் பாட்டை நிறுத்தச் சொன்னார்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தாரே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் பழைய தோழர்களே, பொதட்டூர்பேட்டையிலிருந்தும் மணவூரிலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்!

எனக்கு முன்னால் பேசிய பொது மேலாளர், நம் முதலுதவி அறைச் செவிலியர் கௌரியம்மாளை "கேளிக்கைப் பூங்காவின் தாய்" என்றார். தாயா? அந்தத் தாயைத்தானா போன வருடம் முதலுதவி அறையிலிருந்து தூக்கி டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தீர்கள்? இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசக்கூடாதுதான். ஆனால் நான் எதையும் மறக்காதவன். அது கௌரியம்மாளுக்கும் தெரியும்.

ராட்டினங்களைப் பராமரிக்கும் பொறியாளனாக நான் அங்கே இருந்தபோது, காலையில் என் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்ப்பார்.

"இன்னா நைனா, இன்னிக்கு யார் மேல கோவம்?"

"எல்லார் மேலயும்தாம்மா."

"ஆங், அப்ப நார்மலாத்தான் கீற. போய் டீ குடி."

என்னையே சிரிக்க வைத்த மனிதர் அவர்! வேறு யாரால் முடிந்தது?

எங்கள் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தினர் யாருக்காவது அடிபட்டால் உடனே பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார்கள். கரடி வேஷக்காரர் ஓடிவந்து ஆடுவார். அடிபட்டவர் அழுக்குத்துணி வண்டியில் பின்வாசல் வழியே போய்விடுவார். இறந்தவர் எவரானாலும் மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் இறந்தார் என்பார்கள். பூங்காவுக்குள் சாவே கிடையாது!

போன வருடம் விருந்தினராக வந்திருந்த, லுங்கி நெய்யும் சக்திவேல் அலைக்குளத்தில் மூழ்கிய அன்றும் பாட்டு உச்சத்துக்கு ஏறியது. நான் அலை இயந்திரத்தின் அருகில் நின்றேன். ஈரத்தரையில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே கௌரியம்மாள் கத்தினார்.

"இன்னாங்க மேனேஜர், ஒரு உசுரு போய்கினு கீது, நீங்க பாட்டு போட்டுகினு கீறீங்க! நிறுத்துங்க!"

"ஜனங்க பயந்துடுவாங்கம்மா."

"பயப்படட்டுமே! பயந்தாத்தான் தண்ணிய விட்டு வெளிய வருவாங்க."

பாட்டு நின்றது. கரடி வேஷக்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டு அழுதார். சக்திவேலின் உயிர் அங்கேயே, கௌரியம்மாளின் கைக்கு அடியிலேயே போனது. உடலை முன்வாசல் வழியாகத்தான் எடுக்கவேண்டும் என்று வண்டிக்கு முன்னால் அவரே நடந்தார். அதற்குக் கிடைத்த பரிசுதான் டிக்கெட் கவுன்டர்.

சக்திவேலின் மனைவி பாஞ்சாலி இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் கணவர் மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் இறந்தார், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று நிர்வாகம் இன்னும் சாதிக்கிறது. அந்தச் சாவைப் பற்றி வரும் திங்கட்கிழமை நடக்கும் விசாரணையில் கௌரியம்மாள் சாட்சி சொல்வதாக இருந்தது. அதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. மேடையில் சிலருக்கு நிம்மதியாகக்கூட இருக்கலாம்!

தோழர்களே, அன்று குளத்தோரம் உங்களில் பலர் நின்றீர்கள். வேலை போய்விடும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. முடிந்தவர்கள் திங்கட்கிழமை என்னோடு சாட்சி சொல்ல வாருங்கள். முடியாதவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கௌரியம்மாளுக்காக இந்த ஒருமுறை.

பாஞ்சாலி அம்மா, அவர் சொல்லவேண்டியதை நான் சொல்கிறேன். அவரைப்போல் நிதானமாகப் பேச எனக்கு வராது. கத்துவேன், நாலு பேரைத் திட்டுவேன். ஆனாலும் உங்கள் கணவரின் உயிர் எந்த இடத்தில் போனது என்று சொல்லாமல் அங்கிருந்து நகரமாட்டேன்.