ஐந்தரை மீற்றர் தேரில் நாற்பதாம் மாடி

என் பெயர் அம்பலவாணர் கோபாலசிங்கம். வயது ஐம்பத்துநான்கு. பிறந்த இடம் யாழ்ப்பாணம், இணுவில். இருபத்தாறு வருடங்களாக இத்தாலியில், பலேர்மோவில் வசிக்கிறேன். தற்போது இருப்பது ஒரேத்தோ பகுதியில், லிப்ற் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில். ஒரு வக்கீல் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். என் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, காலாவதியாகவில்லை. என்மீது முன்னர் எந்த வழக்கும் கிடையாது. நான் தமிழில் சொல்வதைத் துஷாந்தி என்ற மொழிபெயர்ப்பாளர் இந்தப் பொலிஸ் அலுவலகத்தில் எழுதிக்கொள்கிறார். இதே கதையை ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டேன். இது மூன்றாவது தடவை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், எழுதினார்.

15.06.2025 ஞாயிற்றுக்கிழமை போர்கோ வெக்கியோ பகுதியில் எங்கள் கோயில் தேர் இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம் நடுத்தெருவில் நின்றதற்கும், தேரின் மேலிருந்து ஒரு தடி கீழே விழுந்ததற்கும் நானே காரணம். அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. ஏன் நடந்தது என்று நான் சொல்வதைத்தான் நேற்று வரை ஒருவரும் கேட்பதாக இருக்கவில்லை.

எங்கள் தேர் சிறியது. கலசத்தோடு சேர்த்து ஐந்தரை மீற்றர் உயரம். ஒழுங்கைகளில் குறுக்கே மின்வயர், ரெலிபோன் வயர், திருவிழா பல்ப் மாலை, உடுப்புக் காயும் கொடி எல்லாம் தொங்கும். ஒருவர் கலசத்துக்குப் பக்கத்தில் நின்று, நுனி இரண்டாகப் பிரிந்த நீளத் தடியால் அவற்றை ஒவ்வொன்றாக உயர்த்திப் பிடித்தால்தான் தேர் நகரும். பதினொரு வருடமாக அந்த ஆள் நான். ஒரு வருடம் ஒரு சின்யோராவின் படுக்கை விரிப்பு கலசத்தில் மாட்டி, அந்த அம்மா கோயில் வாசல் வரை வந்து ஏசியதைத் தவிர என் வேலையில் ஒரு குறையும் இல்லை. வருடத்தில் மற்ற நாளெல்லாம் குனிந்து தரை துடைக்கிறேன். அந்த ஒரு காலை மட்டும் இந்த ஊர் என்னை நிமிர்ந்து பார்க்கும். அது எனக்குப் பெரிய காரியம்.

கொடியேற்றம் 06.06.2025 வெள்ளிக்கிழமை நடந்தது. எங்கள் கோயிலில் ஐயருக்குக் காப்புக் கட்டும்போது தேரின் மேலே நிற்பவருக்கும் கட்டுவது வழக்கம். காப்புக் கட்டியவர் தீர்த்தம் முடிந்து அதை அவிழ்க்கும் வரை மச்சம் மாமிசம் தொடக்கூடாது, மது தொடக்கூடாது, அவருடைய இடத்தில் இன்னொருவர் நிற்கவும் கூடாது. எனக்கு வலது கையில் கட்டினார்கள்.

அன்று பூசை முடிந்த பின்னர் பாரதிப்ரியா என்ற பெண் கோயிலுக்கு வந்தார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, இங்கே ஆய்வு செய்கிறார். விஆர் கண்ணாடி போட்டுக்கொண்டு உயரமான இடத்தில் நிற்பதுபோல் படம் பார்த்தால் உண்மையான பயம் வருமா என்பதுதான் அவருடைய ஆய்வு. உயரத்துக்குப் பயப்படாத ஆட்கள் சிலர் தேவை என்றார். கோயில் தலைவர் கஜானன் உடனே என் தோளில் தட்டி, "எங்கடை கோபாலண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி. பயமெண்டா என்ன விலையெண்டு கேக்கிற ஆள்" என்றார். நானும் சிரித்தேன்.

10.06.2025 செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு நானும் கஜானனும் அந்தப் பிள்ளையின் ஆய்வு அறைக்குப் போனோம். அது தரைத்தளத்தில் உள்ள அறை. நிலத்தில் ஒரு பலகை கிடந்தது, விரல் தடிப்புக்கு மேல் இல்லை. அந்தப் பிள்ளை என்னிடம் கையொப்பம் வாங்கி, நாடி பார்க்க விரலில் ஒரு கவ்வியை மாட்டி, அதன் பின்னர் கண்ணாடியைப் போட்டுவிட்டார். போட்டதும் அந்தப் பலகை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நாற்பதாம் மாடியில் இருந்தது. கீழே கார்கள் அரிசி மணி அளவில் ஓடின. படம் என்று எனக்குத் தெரியும். அதைக் காலுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. இரண்டு எட்டு வைத்ததும் குந்திவிட்டேன்.

அப்போது அந்தப் பிள்ளை, "அங்கிள், முடியலன்னா சொல்லுங்க, உடனே கழட்டிடறேன்" என்றார். குற்றம் அவருடையது அல்ல, இதைக் கட்டாயம் எழுதவேண்டும். பக்கத்தில் கஜானன் நின்றதால் எனக்கு வீம்பு வந்தது. கையில் காப்போடு நிற்கும் நான் பலகைக்குப் பயந்தேன் என்று கோயில் முழுக்கக் கதை போகும் என்று நினைத்தேன். எழுந்து நடந்தேன். அதன் பின்னர் இன்னும் இரண்டு தடவை நடந்தேன். கடைசியில் பலகையை விட்டு வெளியே காலை வைக்கச் சொன்னார், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்றும் சொன்னார். வைத்தேன். விழுந்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன், ஆனாலும் விழுந்தேன். வேறு விதமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் மூன்று தடவை திருப்பிக் கேட்டும் என்னிடம் இதே வசனம்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போகையில் நாலு மாடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மறுநாள் பல்கனிக்குப் போகவில்லை. தேருக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. காப்புக் கட்டியபின் ஆளை மாற்ற முடியாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஐயரிடம் சொல்லியிருக்கலாம். அது என் பிழை.

தேரன்று காலை ஒன்பதரை மணிக்குக் கண்ணை நேரே வைத்துக்கொண்டு ஏறினேன். முதல் ஒழுங்கையில் ஏழு வயர்களைச் சரியாக உயர்த்தினேன். அதன் பின்னர் தேர்ச்சில்லு ஒரு குழியில் விழுந்து குலுங்கியது. நான் கீழே பார்த்தேன். வடம் பிடித்த சனம் எல்லாம் அரிசி மணி அளவில் தெரிந்தது. தேரின் உயரம் ஐந்தரை மீற்றர் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அளந்தவனே நான்தான். தடியைக் கைவிட்டு இரண்டு கையாலும் கலசத்தின் அடியைக் கட்டிப்பிடித்தேன். தடி கீழே போய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிள்ளையின் தலைக்கும் அதற்கும் ஒரு சாண் இருந்தது என்று பின்னர் சொன்னார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது மட்டும் மேலே கேட்டது.

பல்ப் மாலை தேரில் சிக்கியதால் முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. கஜானன் கீழே நின்று, "அண்ணை, என்ன செய்யிறியள்? வயரைத் தூக்குங்கோ!" என்று கத்தினார். வடம் பிடித்தவர்களில் விமலராஜ் என்பவர் என்னை இறக்க ஏறி வந்தார். என் காலைத் தொட்டதும் உதைத்தேன். அவருடைய உதடு கிழிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எனக்கு நேரே இருந்த பல்கனியிலிருந்து ஒரு சின்யோரா கையை நீட்டி, கோப்பி வேண்டுமா என்று கேட்டார். இரண்டு மணித்தியாலத்தில் மூன்று தடவை கேட்டார். நல்ல மனம்தான், ஆனால் உயிர் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

அதன் பின்னர் தீயணைப்புப் படையினர் ஏணியோடு வந்தார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினால் அந்தக் கண்ணாடியைப் போட்டதுபோல் இருந்தது, திறந்தால் தெரு. இடுப்பில் பட்டி கட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னை இறக்கினார்கள். கீழே வந்ததும் பொலிஸார் ஊதச் சொன்னார்கள். மது இல்லை என்று வந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து ஊதியது கணக்கில் சேராது என்றார்கள். நான் மேலே ஆடினேன், கண்ணை மூடிக்கொண்டு எதையோ பாடினேன் என்று யாரோ ஒருவர் சொன்னாராம். பாடவில்லை. முருகனைக் கூப்பிட்டேன்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு காரணம். பொலிஸாருக்கு மது. என் மனைவி குகனேஸ்வரிக்குக் கண்ணூறு நாவூறு. அதைக் கழிக்கச் செத்தல் மிளகாயை எரித்து வீடு முழுக்க இருமல். குடும்ப வைத்தியருக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு. படம் பார்த்துப் பயந்தேன் என்றால் எல்லோரும் என்னைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரிக்கிறார்கள். சினிமாவில் கடலைப் பார்த்தால் நனைவாயா என்று என் வேலையிடத்து வக்கீலே கேட்டார். பாரதிப்ரியா ஒருவர்தான் அப்படி நடக்கலாம் என்றார். அவரும் ஆய்வு இன்னும் முடியவில்லை என்று ஒரு வால் சேர்த்தார்.

18.06.2025 அன்று இதே அலுவலகத்தில் அதிகாரி எனக்கு விளக்கினார். தேரின் மேலே நின்றவர் குடித்திருந்தால் கோயிலுக்கு இனித் தேர் ஓட்ட அனுமதி கிடைக்காது. உடல் நலக்குறைவு என்றால் கிடைக்கும். அவரிடம் இருந்த படிவத்தில் மது, உடல் நலக்குறைவு, கருவிக் கோளாறு என்று மூன்று பெட்டி. பயத்துக்குப் பெட்டி இல்லை. பயத்தை எங்கே போடுவது என்று அவர் என்னையே கேட்டார்.

வெளியே வந்ததும் கஜானன் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார். "அண்ணை, வெயில் தலையிலை அடிச்சது எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பெட்டி இருக்கு. கோயிலுக்கும் அனுமதி கிடைக்கும், வாற வருசம் ஒரு குடையைக் கட்டிவிட்டு நீங்களே ஏறலாம். ஆருக்கும் நட்டமில்லை" என்றார். நல்ல யோசனைதான். அன்று இரவு முழுக்க அதை நினைத்தேன். வெயில் என்றால் நான் பழையபடி நான்தான். ஆனால் வாற வருடம் அதே குழியில் சில்லு விழும், கீழே இன்னொரு பெண் பிள்ளையோடு நிற்பாள். காலையில் கஜானனுக்குப் போன் எடுத்து, "ஏலாது தம்பி" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அதன் பின்னர் அதிகாரியிடம் நானே கேட்டேன், அந்தக் கண்ணாடியை இங்கே கொண்டுவந்து வைத்தியர் முன்னால் என் தலையில் போடுங்கள் என்று. வைத்தியர் கண்ணால் கண்டு எழுதினால் பயத்தையும் உடல் நலக்குறைவில் சேர்க்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். 24.06.2025 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாரதிப்ரியா கருவியோடு வந்தார். ஒரு வைத்தியரும் வந்தார். முதலில் அதிகாரி தானே போட்டுப் பார்த்தார். பலகையில் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்து, "ஒன்றுமே இல்லையே" என்று கழற்றி மேசையில் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

என் முறை வந்தபோது எனக்குள் இருந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பயம் வந்தால் என் சொல் நிற்கும், கோயிலுக்குத் தேர் ஓடும். வராவிட்டால் நான் குடிகாரன் என்று எழுதுவார்கள், ஆனால் என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். பயம் வரவேண்டாம் என்றுதான் கும்பிட்டேன்.

மூன்றாவது எட்டில் பயம் வந்தது. நாடி எண்பத்திரண்டிலிருந்து நூற்று ஐம்பத்தொன்றுக்குப் போனதாக வைத்தியர் எழுதியிருக்கிறார். நான் இந்த அலுவலகத் தரையில் முழந்தாளிட்டு, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கண்ணாடியைக் கழற்றிய பின்னும் விடவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, உடல் நலக்குறைவு என்ற பெட்டியில் குறியிட்டார். வெளியே நின்ற கஜானன் என் இரண்டு கையையும் பிடித்து, "தப்பிச்சம் அண்ணை" என்றார். ஓம் என்றேன். வாற வருடம் மேலே நிற்க விமலராஜ் சம்மதித்திருக்கிறார். அவருடைய பெயரை இதில் எழுதச் சொன்னதும் நான்தான், பின்னர் யாரும் பாவம் பார்த்து என்னைக் கூப்பிடக்கூடாது என்பதற்காக.

மேற்படி யாவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வெயில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வாற வருடமும் தேரில் நான்தான் நிற்பேன். சொல்லவில்லை. இது உண்மை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.

(ஒப்பம்) அ. கோபாலசிங்கம்
பலேர்மோ, 25.06.2025
எழுதி வாசித்துக் காட்டியவர்: துஷாந்தி, மொழிபெயர்ப்பாளர்