வழியில் மாறிய எண்ணெய்

ராத்திரி பதினொன்றரை. சுத்தமல்லிக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டிப் பேட்டைக்கு வருகிற சாலை. ஐப்பசித் தூற்றல்... இரண்டு பக்கமும் வயல். தவளைகள் காதைத் துளைக்கின்றன. மொபெட்டில் ஒரு மனுஷன் வருகிறார். சட்டைக்குள்ளே, வெறும் வயிற்றோடு ஒட்டி ஒரு கண்ணாடிப் புட்டி. வயிறு சுடுகிறது. சுட்டாலும் அதை அழுத்திப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

நம் கோமுவுக்குப் பெரியப்பா முறை. பெயர் குற்றாலலிங்கம். கோமு, நீ கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார், கதவுக்கு முதுகு காட்டாதே. உங்கள் வீட்டில் இதைப் பேச மாட்டார்கள். எனக்குச் சொன்னது அவர் வேலை பார்த்த மில்லின் வாட்ச்மேன், மேலப்பாளையம் காஜா முகைதீன். தொண்ணூற்று நாலில் நடந்தது.

குற்றாலலிங்கம் ஒரு நூல் மில்லில் ஃபோர்மேன். மில்லின் பின்பக்கக் கொட்டகையில் காற்றடிக்கிற பெரிய கம்ப்ரசர் ஒன்று உண்டு. மனுஷனுக்கு ரத்தம் சோதிப்பதுபோல அதற்கு மாதாமாதம் எண்ணெயைச் சோதிப்பார்கள். மிஷின் ஓடும்போதே சூடாகப் புட்டியில் பிடித்து, பாளையங்கோட்டையில் ஸ்ரீகுமார் என்பவரின் லேபுக்கு அனுப்ப வேண்டும். எண்ணெயில் உலோகத் தூள் ஏறியிருந்தால் உள்ளே பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். உடனே மிஷினை நிறுத்திப் பிரித்தாக வேண்டும்.

வெளிநாட்டு ஆர்டர் நெருக்கிய நேரம். குற்றாலலிங்கம் எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தார். வெள்ளி வெள்ளியாக மினுங்கியது. மிஷினை நிறுத்தச் சொன்னால் மேலிடத்தில் கடித்துக் குதறுவார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டோருக்குப் போனார். புதுப் பீப்பாயைத் திறந்து, அந்த எண்ணெயைப் புட்டியில் நிரப்பி அனுப்பினார். ரிப்போர்ட் நன்றாக வந்தது. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் கம்ப்ரசருக்குள் இருந்த இரும்புத் தண்டு முறிந்து, உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. எதிரே நின்றது ஆப்பரேட்டர் சுடலையாண்டி. கொட்டகை முழுக்கக் கருகிய எண்ணெய் வாடை... கூடவே இன்னொரு வாடை. உயிர் உடனே போகவில்லை. அவன் அலறிய சத்தத்தைப் பற்றிக் கேட்டால் காஜா முகைதீன் எழுந்து போய்விடுவார்.

விசாரணையில் குற்றாலலிங்கம் கூசாமல் சொன்னார்: எண்ணெய் நல்ல எண்ணெய், ஆள்தான் தூங்கிவிட்டான், ரிப்போர்ட் பொய் சொல்லாது. செத்தவன்மேல் பழி விழுந்தது. அவன் பெண்டாட்டி மாரித்தாய் கூட்டிப் பெருக்குகிற வேலையாவது கொடுங்கள் என்று மில் கேட்டுக்கு வெளியே நின்றாள். அவளைத் துரத்திவிட்டு, சுடலையாண்டியின் இடத்தில் தன் மகன் பெருமாள்ராஜைச் சேர்த்துவிட்டார். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மிஷினைச் சரிசெய்து ஓட்டினார்கள். கொஞ்ச நாளில் எண்ணெய் மறுபடியும் மினுங்கியது. இந்தத் தடவை பக்கத்தில் நிற்பது சொந்தப் பிள்ளை அல்லவா? பதறிப்போய், நிஜமான எண்ணெயையே பிடித்து அனுப்பினார். கருகருவென்று அனுப்பினார்... எண்ணெய் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. மறுபடி அனுப்பினார். அதே பதில். நேரே போய்க் கேட்டதற்கு ஸ்ரீகுமார் புட்டியில் மீதி இருந்ததைக் காட்டினார். தேன் நிறம். புத்தம் புது எண்ணெய்.

சீஃப் இன்ஜினியர் அனந்தநாராயணனிடம் போய், மிஷினை நிறுத்துங்கள் என்று கெஞ்சினார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே ஓய் சொன்னேள்?"

புதுப் பீப்பாய் விஷயத்தை அப்போதே சொல்லியிருந்தால் மிஷின் நின்றிருக்கும். சொன்னால் ஜெயில். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். மகனையாவது லீவு போடச் சொல்லிப் பார்த்தார். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறவன் கேட்பானா? நீங்கள் வாங்கிக்கொடுத்த வேலைதானே என்று சிரித்தான்.

அதனால்தான் அன்றைக்கு ராத்திரி, மகன் ஷிப்டில் இருக்கும்போதே, தானே எண்ணெய் பிடித்து மூடி, வயிற்றோடு வைத்துக்கொண்டு கிளம்பினார். ஸ்ரீகுமாரை எழுப்பி, அவர் கண்முன்னால் திறந்து காட்டுவது என்று திட்டம். உடம்பை விட்டு இறங்காத புட்டியை எவன் மாற்றிவிடுவான்?

விலக்கு தாண்டியதும் தவளைச் சத்தம் நின்றது. ஒரேயடியாக... மொபெட்டின் பின்பக்கம் ஆள் ஏறினதுபோல அழுந்தியது. கருகிய எண்ணெய் வாடை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக்குள் விரல்கள் நுழைந்தன. பிசுபிசுவென்று... மெதுவாக... விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு. புட்டியைப் பிடுங்கவில்லை. தொட்டன, அவ்வளவுதான்.

வயிற்றில் சூடு அடங்கிவிட்டது. வண்டியை நிறுத்தி, முன்விளக்கு வெளிச்சத்தில் புட்டியைப் பிடித்தார். தேன் நிறம்.

பின்னால் யாரும் இல்லை. வந்தது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. புட்டியைச் சாலையில் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். ஜெயிலானாலும் சரி, தூக்கானாலும் சரி, இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்.

மில் கேட்டில் காஜா முகைதீன் இவரைப் பார்த்து முழித்தார்.

"இப்பந்தான உள்ள போனிய அண்ணாச்சி... எப்பம் வெளிய வந்திய?"

குற்றாலலிங்கம் ஓடினார். வாட்ச்மேனும் பின்னாலேயே ஓடினார். கொட்டகைக் கதவு உள்ளே தாழிட்டுக் கிடந்தது. உள்ளேயிருந்து டக்... டக்... டக்... என்று இரும்பு இடிக்கிற சத்தம். சன்னல் கம்பி வழியாகப் பார்த்தார்கள். பெருமாள்ராஜ் தனியாக நின்றான். திருப்புளியின் நுனியை மிஷின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்திருந்தான். பேரிங் சத்தத்தை அப்படித்தான் கேட்பார்கள்.

"வெளிய வாலே! எண்ணெயை மாத்துனது நாந்தாம்லே! சுடலையாண்டியக் கொன்னது நாந்தாம்லே!"

அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கொட்டகைக்குள்ளே இன்னொரு குரல் பேசிக்கொண்டிருந்தது. அதுவும் குற்றாலலிங்கத்தின் குரல்தான். அதே கரகரப்பு... ஆனால் பதற்றமே இல்லை. பெற்ற பிள்ளைக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிற பிரியம் அதில் இருந்தது.

"பைய... இன்னுங் கொஞ்சம் பக்கத்துல போலே மக்கா. காதை நல்லா அமுத்தி வையி."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, பெருமாள்ராஜ் பக்கத்தில் போனான்.