இடது பக்கம் இழுக்கிற கார்

...மெக்கானிக்காம் மெக்கானிக்கு! மீஞ்சூர்ல அவங்கிட்டதான் மொதல்ல வுட்டோம். புதுசா பிரேக் பேடு மாட்டி, கண்ணாடியெல்லாம் பளபளன்னு தொடச்சிக் குடுத்தான். மாசம் கூட ஆவல, மறுபடியும் வண்டி இடது பக்கம் இழுக்குது. சக்கரத்துல கைய வச்சா கொதிக்குது, கருகின வாட வேற. நீயாச்சும் பழவேற்காடு வரைக்கும் வந்து, சக்கரத்த கவ்விப் புடிக்கிற அந்த காலிப்பர கழட்டி உள்ள பாத்தியே தனசேகரு... இன்னா, மிதிக்கணுமா? மிதிச்சிக்கினுதாம்பா கீறேன். பிரேக் ஆயில் பைப்புல காத்து போற வரைக்கும் பிரேக்க மிதின்னு சொன்ன, மிதிக்கறேன். பேசறது வாயி, மிதிக்கறது காலு. உனுக்கு இன்னா?

எல்லாம் எங்க வூட்டுக்காரரால வந்த வென. மீன் புடிக்கிற போட்டு ஓட்டியே பழகின மனுசன். கர வந்துச்சின்னா இன்ஜின ஆஃப் பண்ணுவாரு, போட்டு தானா மணல்ல ஏறி நிக்கும். ரோட்டுல மணலா கொட்டி வச்சிருக்கான்? போன வாரம் எம்பொண்ணு வைஷ்ணவிய செக்கப்புக்கு பொன்னேரிக்கு இட்டுக்கினு போறோம். நெறமாசப் புள்ள. திருப்பாலைவனத்துல ஒரு மாடு குறுக்க வந்துச்சி. இந்தாளு பிரேக்க மிதிச்சாரு, வண்டி அப்டியே இடது பக்கம் வெட்டி வயல்ல எறங்கப் பாத்துது. வயித்தப் புடிச்சிக்கினு "யம்மா"ன்னா பாரு... எனுக்கு உசுரே போயிடுச்சி. அந்தாளு இன்னா சொன்னாரு தெரியுமா? மாட்டுக்கு ஒன்னும் ஆவலன்னாரு.

இன்னிக்கோ நாளைக்கோ வலி கண்டுடும்பா. ஆம்புலன்சுக்கு போன் போட்டா வரும், எப்ப வரும்னுதான் தெரியாது. இந்த வண்டிய வுட்டா எங்களுக்கு வேற வழி இல்ல. அதான் உன்ன அவசரமா வரச் சொன்னேன்.

இன்னா காட்டற? காலிப்பர் உள்ளருந்து நீ மாத்தின பழைய பிஸ்டனா? சீ, நண்டு ஓடாட்டம் சொரசொரன்னு கீது. உப்பா? உப்பு எப்டிப்பா ஏறும்? எங்க வண்டி இன்னா கடலுக்கா போவுது? நண்டு, எறா ஒன்னும் நான் இதுல ஏத்த வுடறதில்ல. பக்கத்து வூட்டு அம்பிகா அவ வண்டில ஏத்தறா. எறாத் தண்ணி சீட்டெல்லாம் சொட்டுது, வண்டி கிட்ட போனா மூக்க புடிக்கணும். அவளுக்கு ஒரு கேடும் வரல. ஊரு கண்ணெல்லாம் எங்க மேலதான்.

முடிஞ்சிதா? எங்க, சுத்திக் காட்டு. ஐயே, சொகமா சுத்துதே! நல்லா இருப்ப நீ. சரி, ஜாக்கிய எறக்கு, நான் போயி கொடத்த எடுத்தாறேன். சக்கரமெல்லாம் ஒங்கை கிரீசு பாரு. வைஷ்ணவிக்கு ஆவாதுப்பா. மாசமானதுலருந்து லேசா வாட வந்தாலே கொமட்டறா. பிரசவத்துக்கு அவ இங்க வந்த நாள்லருந்து, காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி, சக்கரம் உள்பக்கம் வரைக்கும் நான்தான் அடிச்சி கழுவறேன். அந்தாளு ஒரு நாளு தொட்டிருப்பாரா?

பைப்புத் தண்ணியா? நல்லா சொன்ன போ. குடிக்கறதுக்கே லாரி வந்தாதான் தண்ணி. இந்தோ எதிர்லயே ஏரி கெடக்குது, வாயில வச்சாதான் கரிக்கும், கழுவறதுக்கு இன்னா? போட்ட கழுவற மாதிரி மொண்டு மொண்டு ஊத்த வேண்டியதுதான்.

இன்னாப்பா, எதுக்கு கொடத்த புடுங்கற? குடு தனசேகரு... எம்பொண்ணு ஏறப்போற வண்டிப்பா அது.