இலவசமான பின் காலியான பெஞ்சு

திருப்பதி ஸ்வர்ணமுகி தர்ம வைத்தியசாலையின் மனநலப் புறநோயாளர் பிரிவில் தலைமைத் தாதியாகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி தாட்சாயணி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணி செய்தவர்கள் அன்போடு படித்தளிக்கும் மடல்.

பதறி வந்தவரைப் பதறாமல் பார்த்த பண்பே! கேட்பதையே கைமருந்தாய்க் கொண்ட கருணையே! சொல்லக் கூசியவரைச் சொல்லும்வரை காத்திருந்த பொறுமையே! வணக்கம்.

இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம். இவ்வகை மடலுக்கு அதுதான் அழகு என்பார்கள். ஆனால் எங்களில் யாராவது "நோயாளிக்குத் தேவலை" என்று சொன்னால், "எப்படித் தேவலை? எதனால் தேவலை? அதைச் சொல்லுங்க" என்று கேட்டே பழக்கியவர் நீங்கள். ஆகவே உங்கள் பெருமையை நீங்கள் விரும்பும் வழியிலேயே சொல்கிறோம். சென்ற ஆண்டு கோடையில் இந்த வைத்தியசாலையில் ஒருவருக்கும் விடை தெரியாமல் கிடந்த ஒரு சிறு புதிரிலிருந்து தொடங்குகிறோம்.

ஜனங்கள் 'பேசற ரூம்' என்று அழைக்கும் உங்கள் அறைக்குக் கால் ரூபாய் கட்டணம் இருந்தவரை, செவ்வாய்க்கிழமைகளில் வாசல் பெஞ்சில் இடம் கிடைக்காது. கட்டணத்தை எடுத்துவிட்டு 'ஏழைகளுக்கு இலவசம்' என்று பலகை மாட்டினோம். பெஞ்சு காலியாகிவிட்டது.

ஏன்?

அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னோம். ஏப்ரல் முதல் தேதி ராஜ்ய எல்லை மாறி, திருத்தணி சென்னைப் பக்கமும் சத்தியவேடு நம் ஆந்திரப் பக்கமும் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்த ஜில்லா என்ற குழப்பத்தில் ஜனங்கள் வரவில்லை என்றார் ஒருவர். வெயில் என்றார் மற்றொருவர். செவ்வாய்தோறும் வேலூரிலிருந்து வரும் மனநோய் மருத்துவரோ, காசு கொடுக்காத வைத்தியத்துக்கு மதிப்பில்லை என்று கருதினார். நீங்கள் மட்டும் காலிப் பெஞ்சைப் பார்த்தபடி, "செங்கம்மா வரலையே" என்றீர்கள்.

செங்கம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் வீட்டார் பெயர்களையும் மாற்றியிருக்கிறோம். அறைக்குள் கேட்ட பெயரை இந்த வைத்தியசாலைக்கு வெளியே நீங்கள் விட்டதில்லை. உங்களைப் பாராட்டும் மேடையில் நாங்கள் விடுவது தகாது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, அனுமதி பெற்றே சொல்கிறோம்.

சத்தியவேட்டுப் பக்கத்து உழவுக் குடும்பத்து மருமகள் அவர். முதல் பிள்ளை பிறந்த பின் தூக்கம் போயிற்று, சோறு போயிற்று. பிள்ளையைத் தூக்கினால் கை தவறவிட்டுவிடுவோம் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. கிணற்றங்கரையில் அவர் தனியாக நின்றதைக் கண்ட கணவர் முனிரத்தினம் அவரை உங்களிடம் அழைத்து வந்தார். மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். மற்றதை நீங்கள் செய்தீர்கள்.

அந்த அறையில் அப்படி என்னதான் நடக்கிறது என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில தாய்மார்களுக்கு இந்தச் சோர்வு வருகிறது. அது பாவமும் அல்ல, பேயும் அல்ல. காய்ச்சலைப் போல வருவது, கவனித்தால் போவது. இதை முதல் வாரமே சொல்லிவிடலாம். ஆனால் நம்ப வைக்க வாரங்கள் ஆகும். பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஒரு வாரம். சொன்ன பிறகும் தன்னை யாரும் வெறுக்கவில்லை என்று காண ஒரு வாரம். பிள்ளையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்டு, அடுத்த வாரம் இன்னும் சற்று நேரம் வைத்திருப்பது. ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தின் மேல் நிற்கிறது. நடுவில் நின்றுபோனால் மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். சிலருக்கு அதற்கும் அவகாசம் இருப்பதில்லை.

செங்கம்மா சிரிக்கத் தொடங்கியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி தன்னைக் கேட்ட கேள்வியை அவரே ஒருநாள் உங்களிடம் நடித்துக் காட்டினார்: "வாராவாரம் திருப்பதி திருப்பதின்னு போய்க்கினு கீறியே, ஒரு துண்டு லட்டு கண்ணுல காட்டுனியாடி? பெருமாளையும் நீயே துன்னுட்டு வந்துடுவ போல!" அன்று அறைக்கு வெளியே வரை உங்கள் இருவரின் சிரிப்பும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் வருகை நின்றது. அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகள் வெறுமனே கழிந்தன.

பிறகு ஒருநாள் முனிரத்தினம் மட்டும் சீட்டு ஜன்னலில் வந்து நின்றார். அவர் உங்களிடம் பேசியதை ஜன்னலுக்குள் இருந்தவர்கள் அனைவரும் கேட்டோம்.

"நர்சம்மா, அந்த ஏழைச் சான்று இல்லாம ஒரு சீட்டு குடுக்கச் சொல்லும்மா."

"ஏன் தம்பி, உங்க ஊர்க் கர்ணம் குடுக்கமாட்டேன்றாரா?"

"குடுக்கறாரும்மா. யாருக்கு, இன்னா நோவுன்னு கேக்கறாரு. சாவடியில நாலு பேரு குந்திகினு கீறாங்க. அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சி வோணுமாம். நான் எந்த ரெண்டு பேரைக் கூட்டிகினு போவேன்? எந்தங்கச்சிக்கு நகரியில சம்மந்தம் பேசிகினு கீறோம்."

"இல்லாதவன்னு சொல்லிக்கறதுக்கு வெக்கமா?"

"அதுக்கு இன்னாம்மா வெக்கம்? ஊரே இல்லாத ஊருதான். காய்ச்சலுன்னா காய்ச்சலுன்னு சொல்லிட்டுப் போவேன். இதை எப்படிம்மா சொல்றது?"

"அவ தூங்கறாளா?"

அவர் ஜன்னலை இன்னும் நெருங்கினார். "எங்கம்மா புள்ளைய அவகிட்ட குடுக்கறதில்ல. ஆடிக்குத் தாய் வூட்டுக்கு அனுப்பறாப்பல அனுப்பிடுடா, புள்ள இங்கயே இருக்கட்டும்னு சொல்லிகினு கீறாங்க. ஆடிக்குப் போறது வழக்கம்தானே, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. ஆனா அவ அங்க போனா…"

 வாக்கியத்தை முடிக்கும்படி நீங்கள் கேட்கவில்லை. அன்று ஆனி பாதி கடந்திருந்தது.

புதிருக்கு விடை ஜன்னலுக்கே வந்துவிட்டது. அது எப்படி ஏற்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. முன்பு கால் ரூபாயைக் கொடுத்துவிட்டு நோயாளி உள்ளே போவார். மீதிச் செலவைச் சென்னையிலிருந்த ஒரு தர்ம நிதி ஏற்றுக்கொண்டது. எல்லை மாறியதும், தங்கள் விதி சென்னை ராஜ்யத்தாருக்கு மட்டுமே என்று சொல்லி அந்த நிதி விலகிக்கொண்டது. கட்டணத்தை ஏற்ற மனமில்லாத நம் நிர்வாகக் குழு, நன்கொடை திரட்டி ஏழைகளுக்கு இலவசமாக்கியது. இலவசம் என்றால், பெறுபவர் ஏழைதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் சான்று. எந்த வைத்தியத்துக்கு என்று நன்கொடையாளர் கேட்பார்கள். ஆகவே சான்றில் நோயின் பெயர். பொய்ச் சான்று வரக்கூடாது. ஆகவே இரண்டு சாட்சி. ஒவ்வொரு படியும் நியாயமாகவே இருந்தது. எல்லாம் சேர்ந்து, ஊரறியச் சொல்ல முடியாத ஒன்றை ஊர்ச் சாவடியில் சொல்ல வைத்தன. திருப்பதிக்குப் போகிறோம் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை; அந்தத் திரையின் மறைவில் வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டோம்.

குழு கூடிய அன்று நடந்ததை மறக்க முடியாது. இதோ இந்த மேடையில் அமர்ந்து புன்னகை செய்யும் பொக்கிஷதாரர் பாஷ்யம் ஐயங்கார் அவர்கள் அன்று புன்னகை செய்யவில்லை.

"இலவசம்னு போர்டு போட்டும் ஒருத்தரும் வரலைன்னா, அந்த ரூம் தேவையில்லேன்னுதானே அர்த்தம்? ஆடி முதல் தேதியோட மூடிடலாம்."

"ஐயா, நம்ம இலவசத்துக்கு விலை ரொம்ப ஜாஸ்தி. அந்த விலையைக் கொடுக்க அவங்களால முடியலை. கால் ரூபாய்னா எப்படியாவது கொடுத்துடுவாங்க" என்றீர்கள் நீங்கள்.

"அப்போ கட்டணத்தை வெச்சுடலாமே?"

"நிதி போனதுக்கு அப்புறம் கால் ரூபாய் பத்தாது. முழுச் செலவையும் கேட்டா இல்லாதவங்க நின்னுடுவாங்க. இருக்கறவங்க கிட்ட மட்டும் வாங்கினா, இல்லாதவங்க யாருன்னு வெளியில தெரிஞ்சுடும். ஆஸ்பத்திரி முழுசுக்கும் ஒரே சீட்டு போடுங்க. எல்லா அறைச் செலவையும் எல்லாரும் சேர்ந்து தாங்கட்டும்."

"பல்வலிக்கு வந்தவன் மனோவியாதிக்கு எதுக்கம்மா கொடுக்கணும்? நியாயமா?"

"ஜுரத்துக்கு வந்தவங்க கொடுத்த காசுலதானே ஐயா பல் பிடுங்கற நாற்காலி வாங்கினோம்? அப்ப யாரும் நியாயம் கேக்கலையே."

ஐயங்கார் விடவில்லை. "சரி, பணத்தை எப்படி வாங்குவேள்? ஜன்னல்ல வாங்கினா, இல்லேன்னு சொல்றவன் எல்லார் எதிரிலேயும்தானே சொல்லணும்?"

அப்போதுதான் நீங்கள், நாங்கள் அனைவரும் பிறந்தது முதல் பார்த்தும் யோசிக்காத ஒன்றைச் சொன்னீர்கள். "மலை மேல உண்டியல்ல எப்படிப் போடறோம் ஐயா? கொப்பரையைச் சுத்தித் துணி இருக்கு. கை உள்ளே போறது தெரியும். கையில என்ன இருந்ததுன்னு தெரியாது. ராஜாவுக்கும் அதே துணிதான், கூலிக்காரருக்கும் அதே துணிதான்."

"கோயில் வேறே, ஆஸ்பத்திரி வேறே. இங்கே வெறுங்கையை விட்டு எடுத்துண்டு போவா."

"போகட்டும் ஐயா. வெறுங்கைக்காரங்களுக்காகத்தானே அந்தத் துணி."

குழு நெடுநேரம் வாதாடியது. கடைசியில், ஆடி பிறக்கும் வரை சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆடி பிறக்க அதிக நாள் இல்லை.

அடுத்து வந்தது செய்தியைச் சேர்க்கும் சிக்கல். முனிரத்தினத்துக்குக் கார்டு எழுதினால் தபால்காரர் முதல் தெருக்கோடி வரை படிப்பார்கள். உங்கள் வெள்ளைப் புடவையோடு நீங்கள் அந்த ஊருக்குப் போனால் கார்டே தேவையில்லை. ஆகவே 'சான்று வேண்டாம், எல்லோருக்கும் ஒரே சீட்டு' என்று, எந்த அறையின் பெயரும் இல்லாமல் துண்டு நோட்டீஸ் அச்சிட்டோம். பல்லுக்கு வந்தவர், கண்ணுக்கு வந்தவர், கட்டிக்கு வந்தவர் எல்லோர் கையிலும் கொடுத்து அனுப்பினோம். தெருப் பக்கம் இருந்த உங்கள் அறை வாசலைச் சாத்தி, கண் அறைக்கும் உங்கள் அறைக்கும் நடுச்சுவரில் உள்வாசல் திறந்தோம்.

முதல் செவ்வாய் வந்தது. செங்கம்மா வரவில்லை. அவர் வழக்கமாக வரும் புத்தூர்ப் பக்கத்து ரயில் வந்து, இறங்கியவர்கள் எல்லோரும் நம் வாசலைக் கடந்து போன பிறகும் நீங்கள் அறைக்குள் உட்காரவில்லை.

ஆனியின் கடைசிச் செவ்வாய். வரிசையில் முகம் வீங்கிய ஒருவர், அவருக்குப் பின்னே முனிரத்தினம், அவருக்குப் பின்னே பிள்ளையை இடுப்பில் வைத்த ஒரு மூதாட்டி, அந்த அம்மாளின் நிழலிலேயே ஒட்டியபடி செங்கம்மா. மெலிந்திருந்தார். ஜன்னலில் பெயரும் ஊரும் மட்டுமே கேட்டோம். மூதாட்டி வரிசை முழுதும் கேட்கும்படி சொன்னார்:

"செல்லியம்மா. எனக்குக் கண்ணு காட்டணும். இவ எம்மருமவ. இவளுக்கு இன்னா, நல்லாத்தான் கீறா. எனக்குத் தொணைக்கு வந்தா!"

கண் அறைக்குள் போனவர்கள் உள்வாசல் வழியே உங்கள் அறைக்கு வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே பேசியது எங்களுக்குத் தெரியாது, தெரியக்கூடாது. வெளியே வந்தபோது செல்லியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கண்ணுல மருந்து வுட்டாங்க, எரியுது" என்றார். கண் மருத்துவர் அன்று விடுப்பில் இருந்தார். பிள்ளை செங்கம்மாவின் இடுப்பில் இருந்தது. மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் துணிக்குள் கைவிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடி பிறந்தது. செங்கம்மா தாய் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். வரத் தேவையில்லை என்று நீங்கள் சொல்லும்வரை வந்தார். நாத்தனார் கல்யாணமும் நகரியில் நடந்தது.

கொப்பரையில் சில மாதம் குறைவாகவே விழுந்தது. அப்போதெல்லாம் ஐயங்கார் எங்களைப் பார்த்த பார்வை எங்களுக்குத்தான் தெரியும். வேர்க்கடலை அறுவடையாகி வீட்டுக்கு வந்த மாதத்தில் துணி கனத்துத் தொங்கியது. சுமந்து போனவரும் அவரே. அறை மூடப்படவில்லை.

அம்மையீர்! இத்தனை காலம் பிறர் உறக்கத்துக்காக உழைத்தீர்கள்; இனி உங்கள் இரவுகள் நல்ல உறக்கம் தரட்டும். பிறர் பேச்சைக் கேட்ட செவிகளுக்குப் பேரப்பிள்ளைகளின் கூச்சல் விருந்தாகட்டும். நோயற்ற உடலோடும் நிறைந்த மனத்தோடும் நெடுங்காலம் எங்கள் நடுவே நடமாடுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் இந்தப் பக்கம் வந்தால் ஒரு காபி உண்டு.

போகுமுன் நீங்கள் எங்களிடம் கேட்ட வாக்கையும் இங்கே கொடுக்கிறோம். குழு மாறினாலும், எல்லை மறுபடி மாறினாலும், இந்த வைத்தியசாலையில் இதுவே நடைமுறை: எந்த நோய்க்கு வந்தாலும் ஒரே சீட்டு, ஒரே வரிசை. பெயரும் ஊரும் தவிர ஜன்னலில் வேறெதுவும் கேட்பதில்லை. யாரிடமும் சான்று வாங்குவதில்லை. பணம் வெளியே போகும்போது, துணி சுற்றிய கொப்பரையில். உள்ளவர் உள்ளதைப் போடலாம், இல்லாதவர் வெறுங்கையை விட்டு எடுக்கலாம். அதில் விழுவது எல்லா அறைக்கும் பொது.

இங்ஙனம்,
உடன் பணிபுரிந்த தாதியர், மருந்தாளர், சீட்டு ஜன்னல் எழுத்தர், பணியாளர் அனைவரும்,
ஸ்வர்ணமுகி தர்ம வைத்தியசாலை, திருப்பதி. 1961.