காகிதப்பூவுக்குத் தண்ணீர்

வெளியில வெயில் மண்டையைப் பொளக்குது சாமி. இந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால வந்து முழங்கால் போட்டதும்தான் கொஞ்சம் உயிர் வந்துச்சு. உங்களுக்குத்தான் பாவம், காலையிலிருந்து எங்க குப்பையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போயிருக்கும். என்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல. குடிக்கல, திருடல, பூசைக்குத் தவறல. ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினேன், அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க. காகிதப்பூச் செடி. உங்க பங்களா வேலியில படர்ந்திருக்கே, அதேதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல என் வீட்டு வாசப்படி ஓரமா நிக்குது. வெச்சது என் மக டோரிஸ். செடிக்கன்னைக் கொண்டாந்து குடுத்தவன் இக்னேஷியஸ், கிள்ளான் ஆஸ்பத்திரியில காயத்துக்கு மருந்து கட்டுற டிரெஸ்ஸர் வேலை பாக்கிறவன். மண்ணெண்ணெய் டின்னுல மண்ணு போட்டு வெச்சு, ரயில்ல மடியிலேயே தூக்கிக்கிட்டு வந்தான். வந்தவன் செடியைக் குடுத்துட்டுப் பேசாம போயிருக்கலாம். பொண்ணையும் கேட்டான்.

நல்லவன் சாமி. குறை சொல்லலாம்னு நானும் தேடாத இடமில்ல. ஒரு கோணப்பல்லு இருக்கக்கூடாதா, கிட்ட வந்தா ஒரு கள்ளு நாத்தம் அடிக்கக்கூடாதா. ஒரு எழவும் இல்ல. வேற வழி? "எனக்குச் சம்மதந்தான் தம்பி, எம்மக என்ன சொல்றாளோ அதுதான்"னு சொல்லிட்டேன். அப்பன்னா அம்புரோஸண்ணன் மாதிரி இருக்கணும்னு பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

டோரிஸுக்கு அவ அம்மா புத்தி. ரசம் தாளிக்கக்கூட மாதாவைக் கேட்டுத்தான் தாளிப்பா. என் வீட்டுக்காரி மகதலேனா போய்ச் சேர்ந்ததிலிருந்து என்னைத் தனியா விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வரல. அவனை விடவும் மனசில்ல. போன வருஷத் தவக்காலத்துல மாதா படத்துக்கு முன்னால மெழுகுதிரி ஏத்தி, "பாஸ்குப் பண்டிகைக்குள்ள இந்தச் செடி பூத்தா உம்முடைய சம்மதம்னு எடுத்துக்கிறேன் தாயே, பூக்கலேன்னா அப்பாவோடவே இருந்துடுறேன்"னு நேர்ந்துகிட்டா. நான் அடுப்படியில இருந்தேன். எனக்குக் காது மந்தம்னு நெனச்சிட்டா போல.

நான் ரயில்வே துரை பங்களாவுல தோட்டக்காரன், உங்களுக்குத் தெரியுமே. மத்த செடிக்குத் தண்ணி இல்லேன்னா வாடும். இது ஒரு விசித்திரப் பிறவி. காயப் போட்டாத்தான் பூக்கும். வயிறு நெறையக் குடுத்தா இலையா விட்டுத் தள்ளுமே தவிர பூவைக் கண்ணுல காட்டாது. அது நல்ல வெயில் காலம். நான் சும்மா இருந்திருந்தா அது பாட்டுக்குப் பூத்துக் கொட்டியிருக்கும்.

நான் சும்மா இருக்கல. அவ காலைப் பூசைக்கு இங்க வந்ததும், பொதுக்குழாயிலிருந்து வாளி வாளியா கொண்டாந்து ஊத்தினேன். சாணியைக் கரைச்சு ஊத்தினேன். பாசார்ல மீன் வாங்கினா கழுவின தண்ணியும் அதுக்குத்தான். செடி ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி மதமதன்னு வளந்துச்சு. "பாத்தியா டோரிஸ், உங்கப்பா உன் செடியை எப்படித் தாங்குறார்"னு பவுனம்மாள் மெச்சினா. எம்புள்ள என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தா. அப்படியும் குருத்து ஞாயிறு நெருங்கயில ஒரு கிளை நுனியில செவப்பா ஏதோ எட்டிப் பாத்துச்சு. நகத்தால கிள்ளிட்டேன். முள்ளு நல்லாவே குத்திடுச்சு சாமி, அதை என் அபராதத்துல கழிச்சுக்குங்க.

பாஸ்கு வந்துச்சு, பூ வரல. "தெருவே பூத்துக் கெடக்கு, நம்ம வீட்டுல மட்டும் ஏம்பா இப்படி?"ன்னு கேட்டா. "மாதா மனசு யாருக்கும்மா தெரியும்"னேன். அவளே போய் அவன்கிட்ட முடியாதுன்னு சொன்னா. நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? சத்தியமா இல்ல. அவன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "அடுத்த பாஸ்கு வரைக்கும் காத்திருக்கேன், மாதாவை இன்னொரு தடவ கேட்டுப் பாரு டோரிஸ்"னு சொல்லிட்டு ரயில் ஏறினான். அதுக்கப்புறம் அவ வீட்டுல பாடறதே இல்ல. சோத்தைப் போட்டு வெச்சுக்கிட்டு அளைஞ்சுகிட்டே இருப்பா. பாக்கயில எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். காலையில அவ காப்பி போடுற வாசம் வந்ததும் சரியாப் போயிடும்.

கிள்ளான் ஒண்ணும் கண்காணாத சீமை இல்ல, எனக்கும் தெரியும். ஆனா வேலை முடிஞ்சு வந்து கதவை நானே தொறக்கணும், உள்ள ஆள் அரவமே இருக்காதுன்னு நெனச்சா குலை நடுங்குது சாமி. அவளுக்குந்தான் என்னை விட்டா யாரு? புருஷன்னு வர்றவன் அவளை என்னை மாதிரி வெச்சுக் காப்பாத்துவானா?

இதோ அடுத்த பாஸ்கும் நெருங்கிருச்சு. மறுபடியும் அதே மாதிரி நேர்ந்துகிட்டிருக்கா. செடி பச்சைப் பசேல்னு நிக்குது. இன்னிக்குக் காலையிலயும் ஊத்திட்டுத்தான் வந்தேன், நாளைக்கும் ஊத்துவேன். அதனால செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்படுறேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீங்க பாவமன்னிப்புக் குடுக்காட்டியும் எனக்கு வருத்தமில்ல. இப்படிப் பெருமூச்சு விடாதீங்க, வெளியில கேக்கும்.

பின்னே எதுக்குடா வந்தேன்னு கேக்குறீங்க. நியாயந்தான். நேத்து டோரிஸ் பவுனம்மாள்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தா, செடி பூக்காததை மாதாவோட பதிலா எடுத்துக்கலாமான்னு பாவசங்கீர்த்தனத்துல உங்களையே கேட்டுடப் போறாளாம். நீங்க வெவரமானவர். "செடிக்கு யாரும்மா தண்ணி ஊத்துறது?"ன்னு ஒரு கேள்வி கேட்டீங்கன்னா என் கதை முடிஞ்சுது. ஆனா இந்தக் கூண்டுல கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில விடக்கூடாது, அதை வெச்சுக்கிட்டு ஒரு கண்ஜாடைகூடக் காட்டக்கூடாதுன்னு உபதேசியார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கார். இப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். இனிமே அவகிட்ட நீங்க ஒண்ணும் கேக்க முடியாது.

நான் எந்திரிக்கிறேன் சாமி, முழங்கால் விட்டுப் போச்சு. எனக்கு அடுத்து வரிசையில நிக்கிறது டோரிஸ்தான். பாவம், தாயில்லாப் பொண்ணு, கொஞ்சம் அன்பாப் பேசுங்க.