முப்பத்தொரு லோடர் மாட்டிய ஆர்டிஸ்

மேடையிலிருக்கும் போதகர் அவர்களே, கூட்டுறவுச் சங்கத்துப் பெரியோர்களே, மக்காச்சோள அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு இந்தத் தேவாலய மண்டபத்தை நிரப்பியிருக்கும் வடக்கு டகோட்டா உழவர் பெருமக்களே!

ஆர்டிஸை அடக்கம் செய்யும் இந்த நாளில் நான் அழ வரவில்லை. பட்டறையின் அரசி ஆர்டிஸ் கெல்ஸ்டாட் தோற்றுப் போனவளா? வென்று போனவள்! பழைய டிராக்டர்களின் முன்னால் இரண்டு இரும்புக் கைகளும் பனியையும் மண்ணையும் அள்ளும் ஒரு பக்கெட்டும் பொருத்தி, முப்பத்தொரு லோடர்களை ஓடவிட்டவள்! “கிழட்டு வண்டி மூக்கு ஒடஞ்சு விழும்” என்று முதலில் சிரித்தவன் யார்? உங்கள் முன்னால் நிற்கும் இந்த ஹால்வர் பிரெக்கேதான்! அவளோ, பாரத்தைத் தாங்கும் சட்டத்தைப் பின் அச்சு வரை நீட்டி முடுக்கினாள். ஒரு மூக்காவது ஒடிந்ததா? சொல்லுங்கள்!

அந்தப் பெரும் பனிப்புயலை மறக்க முடியுமா? என் தொழுவத்தின் கதவைப் பனி கூரை வரை மூடிவிட்டது. உள்ளே நாற்பத்திரண்டு மாடுகள். இரண்டு நாளாகக் கறவையில்லை, தண்ணீரில்லை. கூரை முனகத் தொடங்கிவிட்டது. என் புத்தம்புது டிராக்டரோ தொழுவத்துக்குப் போகும் குறுகிய சந்துக்குள் நுழையவே இல்லை. ஆர்டிஸ் தன் பழைய வண்டியில் வந்தாள். முதல் பக்கெட் பனியைத் தூக்கினாள். பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின!

“டேய் ஹால்வர், பின்னால எடைக்குக் கட்டியிருந்த கான்கிரீட் பீப்பா எங்கடா?”

இலையுதிர் காலத்தில் அந்த வண்டியை இரவல் வாங்கி, கலப்பை மாட்டுவதற்காகப் பீப்பாயைக் கழற்றியவன் நான். திரும்ப மாட்டினேனா? இல்லை!

“வேலியோரமா... பனிக்கு அடியில கெடக்கு, ஆர்டிஸ்.”

“நல்லா வச்சிருக்க போ! உன் புது வண்டி மூக்குல வரிசையா எடைக்கட்டி தொங்குதே, அது என்ன நகையா? கழட்டுடா!”

கழற்றினேன். என் பெருமையை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் அவள் வண்டியின் பின்னால் மாட்டினேன். சக்கரங்கள் தரையைக் கவ்வின. இரண்டு மணி நேரம்! கதவு திறந்தது, நாற்பத்திரண்டும் உயிரோடு வெளியே வந்தன! கடைசி மாடு வந்ததும் கூரையின் ஒரு பக்கம் சரிந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் முதுகில் ஓங்கித் தட்டி, “ஒருவழியா உன் புது டிராக்டரும் உருப்படியா ஒரு வேலை செஞ்சிடுச்சுடா!” என்றாள். பிறகு அதைக் கேட்டு ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நண்பர்களே, முப்பத்திரண்டாவது டிராக்டர் அவள் பட்டறையில் ஒற்றைக் கையோடு நிற்கிறது. அது இதோ இங்கே அமர்ந்திருக்கும் மாரிட் லிண்டாலுடையது. தனியாளாகப் பண்ணையைக் கட்டிக்காப்பவள். பனிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. மறு கையை யார் மாட்டுவது? சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஜாக்கியோடு வருகிறேன். கைதட்ட வேண்டாம். வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள்!

அடேயப்பா! போதகரே, நீங்களுமா?

ஆர்டிஸ் கெல்ஸ்டாட், நிம்மதியாகத் தூங்கு. முதல் பனி விழும்போது மாரிட்டின் மாடுகளுக்கு வழி திறந்திருக்கும்!